கணக்குப் பரீட்சையில் ஒரு துரத்தல்

புயல் என்று அவளுக்குப் பெயர் வைத்தது தெருக்காரர்கள்தான். துணிக்கடை வாசலில் நின்று வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதிப்பது அவள் வேலை. உள்ளே போகும்போது ஒல்லியாக இருந்த ஆள் வெளியே வரும்போது பருத்திருந்தால், அவள் கண் அந்த இடத்திலேயே எடை போட்டுவிடும். ஓடினால் விடமாட்டாள். ஒருமுறை ஐந்து சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓடியவனைப் பேருந்து நிலையம் வரை துரத்திப் பிடித்து, நான்கைக் கழற்ற வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தாள்.

இப்படிப்பட்டவள் போலீசில் சேராமல் வேறு யார் சேர்வது? உடல் தகுதித் தேர்வில் ஓட்டம், தாண்டல், கயிறு ஏறுதல் எல்லாவற்றிலும் அவள்தான் முதல். ஆனால் அந்த வருடம் பார்த்து அரசாங்கத்துக்கு ஞானோதயம் வந்துவிட்டது. இனிமேல் போலீசில் சேர்கிறவர்கள் பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டுமாம். திருடுகிறவன் எந்தச் சான்றிதழும் இல்லாமல் தொழில் நடத்தலாம், பிடிக்கிறவர்தான் படித்திருக்க வேண்டும். என்ன நியாயமோ!

புயல் எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள், கணக்கைத் தவிர. கணக்கு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வேப்பங்காய். போலீஸ் வேலைக்கான வயது வரம்போ அந்த வருடத்தோடு முடிகிறது. தனித்தேர்வராகக் கணக்கை எழுதித் தேறினால் காக்கிச் சட்டை, இல்லாவிட்டால் ஆயுளுக்கும் துணிக்கடை வாசல்.

அவள் புருஷன் சலூன் வைத்திருந்தார். பெண்டாட்டிக்கு டியூஷன் வைக்க வசதி இல்லையே தவிர, மனுஷனுக்கு மூளை இருந்தது. வாரம் தவறாமல் சவரத்துக்கு வரும் இன்ஜினியர் ஒருவரை நாற்காலியில் உட்கார்த்தி, ஒரு கன்னத்தை மழித்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிடுவார்.

"சார், இந்த முக்கோணத்தை மட்டும் இவளுக்கு விளங்க வச்சிடுங்க. மறுகன்னத்தை முடிச்சிடலாம்."

"யோவ், எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சுய்யா!"

"அதனாலதான் சார் சொல்றேன். சீக்கிரம் விளங்க வைங்க."

பாதி நுரையோடு தெருவில் இறங்க முடியுமா? இன்ஜினியர் தலையெழுத்தே என்று சொல்லிக்கொடுத்தார். வேறு கடைக்குப் போயிருக்கலாம்தான். ஆனால் மூன்றாவது வாரம் முதல் அவரே முந்தின வாரக் கணக்கைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

பரீட்சைக்கு முந்தின நாள் புருஷன் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். "முரட்டு இடத்தை முதல்ல முடிச்சிடு. தாடை, மோவாய் எல்லாம் முடிஞ்சாச்சுன்னா கன்னத்தை யாரு வேணாலும் வழிப்பாங்க."

அவளும் அப்படியே பெரிய கணக்குகளை முதலில் போட்டாள். பயந்த அளவுக்கு இல்லை. சின்னச் சின்னக் கேள்விகள்தான் பாக்கி. அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் சனியன் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கண்ணாடி போட்ட ஓர் இளைஞன். அவனுடைய வலது கணுக்கால் இடது கணுக்காலைவிடப் பருமனாக இருந்தது.

'உனக்கெதுக்குடி ஊர் வம்பு? உன் பேப்பரைப் பாரு' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவன் குனிந்து சாக்சுக்குள்ளிருந்து ஒரு மடித்த காகிதத்தை உருவினான்.

"ஏய், எடு அதை!"

அவன் பேசாமல் உட்கார்ந்திருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. ஓடினான். எவனாவது ஓடினால் அவள் கால்கள் மூளையிடம் அனுமதி கேட்பதில்லை. மைதானத்தைச் சுற்றி, சைக்கிள் கொட்டகையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி அருகே சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தாள்.

வாசலில் கண்காணிப்பாளர் அம்மா கையை நீட்டி மறித்தார். "வெளிய போனவங்க திரும்ப உள்ள வரக்கூடாது. எழுதுன வரைக்கும்தான் திருத்துவாங்க."

"மேடம், இவனைப் பிடிக்கத்தானே போனேன்!"

"உன்னை யாரு பிடிக்கச் சொன்னது? அதுக்குப் பறக்கும் படை இருக்கு."

"எங்க இருக்கு?"

"சாப்பிடப் போயிருக்கு."

அதற்குள் யாரோ அம்மாவின் காதில் ஏதோ ஓதினார்கள். பையன் கல்வி அதிகாரியின் மச்சினனாம். அம்மாவின் முகம் குழைந்தது. "பாவம், பதட்டத்துல ஓடிட்டாரு. தண்ணி குடுங்க அவருக்கு. நீங்க உள்ள போய் எழுதுங்க தம்பி."

"அவனும்தானே வெளிய போனான்?" என்று அலறினாள் புயல்.

"அவரு எங்கம்மா போனாரு? நீ துரத்தினே, அதனால போக வேண்டியதாயிடுச்சு."

புயல் மதில்சுவர் ஓரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நான்கு திருடர்கள் சேர்ந்து அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அழைத்துப்போக வந்த புருஷன் பதறிவிட்டார்.

"என்னாச்சு? எழுதினியா இல்லையா?"

"பாதி எழுதினேங்க."

"மீதி?"

"மீதி நேரம் ஓடிட்டேன்."

விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சிட்டியே!" பிறகு மெதுவாகக் கேட்டார். "எந்தப் பாதி எழுதின?"

"முரட்டுப் பாதி."

அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

முடிவு வந்தது. தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ சரியாக அவ்வளவு. ஒரு மதிப்பெண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றைக்கு இன்ஜினியருக்கு இரண்டு கன்னமும் ஒரே மூச்சில், இலவசமாக.

நேர்முகத் தேர்வில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த மீசைக்காரர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, நூலிழையில தப்பிச்சிருக்க? படிச்சவங்கதான் வேணும்னு மேல சொல்லியிருக்காங்க. கணக்குல ஏன் இவ்வளவு கம்மி?"

காய்ச்சல் என்று சொல்லிவிடு என்று புருஷன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். பரீட்சை அறையில் ரகளை செய்தவள் என்று தெரிந்தால் இங்கேயே கதை முடிந்துவிடும். காய்ச்சல் தொண்டை வரை வந்தது. வெளியே வந்ததோ வேறு.

"பாதியிலயே ஒருத்தனைப் பிடிக்க ஓடிட்டேன் சார். பிட் அடிச்சான்."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

"பிடிச்சியா?"

"பிடிச்சேன் சார்."

"அப்புறம்?"

"பெரிய இடத்துப் பையனாம் சார். தண்ணி குடுத்து உள்ள உட்கார வச்சிட்டாங்க. என்னை வெளிய அனுப்பிட்டாங்க."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீசைக்காரர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அவள் விண்ணப்பத்தில் கையெழுத்தைப் போட்டார்.

"போலீஸ் பயிற்சியில பாதியை அங்கேயே முடிச்சிட்டு வந்திருக்க. திங்கட்கிழமை வந்து சேரு, சல்யூட் அடிக்க மட்டும் நாங்க சொல்லிக்குடுக்கறோம்."