ஜானகியம்மாள் பயந்த இடம்

மந்திரமூர்த்தி தாம் இயக்கிய ஒவ்வொரு பேய்ப்படத்தின் முதல் காட்சியையும் மனைவி ஜானகியம்மாளோடு கோவில்பட்டியில்தான் பார்ப்பார். படம் முடிந்ததும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "எந்த இடத்துல பயந்தே?" அவள் ஓர் இடத்தைச் சொல்வாள். சொல்லிவிட்டாளென்றால், ஊர் என்ன சொன்னாலும் அவருக்குக் கவலையில்லை. அடுத்த கதைக்கு உட்கார்ந்துவிடுவார்.

நெடுங்காலம் வாய்ப்பின்றி வீட்டிலிருந்தவர், எழுபதைக் கடந்தபின் மறுபடியும் ஒரு படம் எடுத்திருந்தார். அதற்குப் பணம் போட்டவர் தீப்பெட்டி ஆலை முதலாளி செண்பகராஜ். "மதினி பயந்துட்டாவன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி, அடுத்த படத்தையும் ஆரம்பிச்சிருவோம்" என்று அவர் பாதி விளையாட்டாகச் சொல்லியிருந்தார். மந்திரமூர்த்தி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. படம் வெளியான அன்று காலையில் சட்டையை இருமுறை மாற்றினார்.

அவருடைய முதல் படம் அவர் சொந்த ஊரான எப்போதும்வென்றானில் பிறந்தது. சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் சாமியாடி மயானத்துக்கு வேட்டைக்குப் போகும்போது ஊர் விளக்கணைத்துக் கதவடைத்துக்கொள்ளும். சாமியை யாரும் எதிர்ப்படக் கூடாது. எட்டிப் பார்க்கவும் கூடாது. தெருவில் மணியோசை மட்டும் நடந்து போகும். குளத்தூரிலிருந்து புதுப்பெண்ணாக வந்திருந்த ஜானகியம்மாள், அன்று நடுங்கியபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கதவையும் அந்த ஓசையையும் வைத்துத்தான் படமெடுத்தார். கடைசிவரை எதையும் காட்டவில்லை. நாடே நடுங்கியது.

இப்போது எடுத்திருந்ததோ, முகமூடிக்காரன் ஒருவன் வரிசையாக ஆட்களை வெட்டிச் சாய்க்கும் படம். குருதியைக் கொட்டினால்தான் இக்காலத்து இளைஞர்கள் பயப்படுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். பார்க்காமலே பயப்படுகிற ஊரில் பிறந்தவர், அதை நம்பினார் என்பதுதான் கொடுமை.

முதல் காட்சியான பகல் காட்சிக்குச் செண்பகராஜ் தம் ஆலைப் பெண்களுக்கெல்லாம் விடுமுறை கொடுத்து அனுப்பியிருந்தார். முதல் வெட்டுக்கு அவர்கள் கூச்சலிட்டார்கள். இரண்டாவதற்குக் கூச்சல் குறைந்தது. பிறகு ஜானகியம்மாளின் பின்வரிசையிலிருந்து பேச்சு கேட்டது.

"ஏட்டி செல்வமாரி, இது எத்தனாவது கழுத்து?"

"நான் எண்ணுததை எப்பமோ விட்டுட்டேன்க்கா. அந்த முறுக்கை இங்கன தள்ளு."

ஜானகியம்மாள் பயப்பட முயன்றாள். கண்களை அகல விரித்து, மூச்சை அடக்கி, உண்மையாகவே முயன்றாள். அச்சம் வரவில்லை. பக்கத்தில் மந்திரமூர்த்தி திரையைப் பார்க்காமல் இருட்டில் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பின் ஒரு வீடு வந்தது. கதவு சாத்தியிருந்தது. தெருவில் மணியோசை. அதே ஓசை. ஜானகியம்மாளின் முதுகு நிமிர்ந்தது. மறுகணமே கதவைப் பிளந்துகொண்டு, கையில் மணியும் அரிவாளுமாக முகமூடிக்காரன் வந்து நின்றான்.

முன்வரிசையில் ஒருவன் கத்தினான்: "ஏலே மாரிராஜு, குச்சி ஐஸ்காரன் வந்துட்டாம்லே! உனக்குச் சேமியாவா, பாலா?"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. ஜானகியம்மாளும் சிரித்துவிட்டாள். அடக்குவதற்கு முன்பே, வாய்விட்டு, பிறரோடு சேர்ந்து சிரித்துவிட்டாள்.

மந்திரமூர்த்தி திரும்பி அவளைப் பார்த்தார்.

அதன்பின் படத்தில் என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியாது. படியிறங்கும்போது ஒரு பொய்யை மட்டும் தயார் செய்துகொண்டாள். இடைவேளைக்கு முன் வந்த கிணற்றடிக் காட்சியில் பயந்தேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் மனிதர் பிழைத்துக்கொள்வார்; ஆனால் இன்னொரு படம் எடுப்பார். இதே சனம் இன்னொரு முறை சிரிக்கும். சொல்லாவிட்டால் இன்றோடு முடிந்துபோவார். இரண்டில் எது இரக்கம் என்று அவளால் முடிவுசெய்ய இயலவில்லை.

மந்திரமூர்த்தி எதிரிலிருந்த தேநீர்க் கடையில் நிழலாகப் பார்த்து அவளை உட்காரவைத்தார். கேட்காமல் விட்டுவிடுவார் என்று நினைத்தாள். அவர் கேட்டார், குரல் மட்டும் தாழ்ந்திருந்தது.

"எந்த இடத்துல பயந்தே?"

கிணற்றடி நாக்கு நுனிவரை வந்தது. அவர் கண்களைப் பார்த்தபின் அதை அவளால் சொல்ல முடியவில்லை.

"நீங்க என்னயத் திரும்பிப் பாத்தீங்களே, அந்த இடத்துல."

அவர் தலையை மெல்ல அசைத்தார். கதை கேட்டு முடித்தவர் அசைப்பதைப் போல, இரண்டு மூன்று முறை அசைத்தார்.

செண்பகராஜ் வியர்வையைத் துடைத்தபடி சாலையைக் கடந்து வந்தார். கூட்டம் சிரித்ததை அவரும் கேட்டிருந்தார். ஆனாலும் முகத்தைச் சிரித்தாற்போல் வைத்திருந்தார். "என்ன மதினி, பயந்தியளா?"

அவள் வாய் திறப்பதற்குள் மந்திரமூர்த்தி சொன்னார்: "பயந்துட்டா தம்பி. நல்லாவே பயந்துட்டா. அடுத்த படம் வேண்டாம்."

செண்பகராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்னால் சொன்னதற்கும் பின்னால் சொன்னதற்கும் பொருத்தம் தேடுபவர்போல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஜானகியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அரங்கில் பொத்தியிருக்க வேண்டிய வாய்.