மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்

சப்பரம் தெருவுக்குள் நுழைந்தால் கரண்ட் போகும். செபஸ்தியார் கோயில் தெருவில் நடை பழகும் பிள்ளைக்கும் இது தெரியும். கம்பிகள் தாழ்வாகத் தொங்குவதால், சப்பரம் கடக்கும் வரைக்கும் லைன்மேன் பீஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அந்தத் தெருவிலேயே பிறந்து முப்பத்தாறு வருசம் வளர்ந்த பிராங்கிளின், திருவிழா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, பேட்டரி செத்துப்போன லேப்டாப்பில் நானூறு சொச்சம் சாப்ட்வேர் பேக்கேஜ்களுக்கு அப்டேட் போட்டுவிட்டுக் காபி குடிக்க எழுந்து போனான். புத்தியுள்ளவன் செய்கிற காரியமா இது?

சப்பரம் வழக்கம்போல எட்டு மணிக்கு மேல்தான் வரும் என்று நினைத்திருந்தான். தெற்குத் தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருப்பதால் இந்த வருசம் சப்பரம் முதலில் இந்தத் தெருவுக்கே வரும் என்று போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் அறிவித்திருந்தார். கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. இவனுக்குக் கேட்கவில்லை. அதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் அவன் தங்கச்சி வினோலியாவுக்கும் வேடசந்தூர் மில்லில் எலக்ட்ரீசியனாக இருக்கும் ஆண்டனிராஜுக்கும் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பில் இரண்டாம் ஓலை வாசித்திருந்தார்கள். "இவர்களுக்குள் திருமணத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்ற வரியோடு அவன் காது அடைத்துக்கொண்டது. ஊருக்கெல்லாம் வெறும் சடங்காகக் கேட்கிற அந்த வரி, அவனுக்கு யாரோ கதவைத் திறந்து விட்டதுபோலக் கேட்டது.

பிராங்கிளினுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஒரு பயிற்சி மையத்தின் வகுப்புப் பதிவுகளைக் காதால் கேட்டு, தமிழில் தட்டிக் கொடுப்பது அவன் வேலை. திரையில் இருப்பதை லேப்டாப் அவனுக்கு வாசித்துச் சொல்லும். பேகம்பூர் முகமது யாசின் பாய்தான் அதையெல்லாம் அமைத்துக் கொடுத்தவர். அந்தப் பழைய மிஷினில் இயர்போனைச் செருகினாலும் ஸ்பீக்கர் கத்திக்கொண்டே இருந்தது. பாய் ஒரு செட்டிங் எழுதி, ஸ்பீக்கரை ஊமையாக்கி, சத்தம் முழுவதும் இவன் காதுக்கு மட்டும் போகிற மாதிரி செய்தார். இன்னொரு வசதியும் செய்தார். மிஷினைத் திறந்ததும், கடைசியாக எழுதிய கோப்பைத் தானே எடுத்து முதல் வரியிலிருந்து வாசிக்கும். எதை எங்கே விட்டோம் என்று இவன் தேட வேண்டியதில்லை.

கடைசியாக எழுதிய கோப்பு ஒரு கடிதம். ஆண்டனிராஜுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று பங்குத்தந்தைக்கு எழுதிய மொட்டைக் கடிதம். அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. ஐந்து நாளாக அதை அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விரல் அனுப்பப் போய்விட்டது. பயந்துபோய், கையை வேறு எதிலாவது மாட்டிவைக்க வேண்டும் என்றுதான் அப்டேட்டைப் போட்டுவிட்டு எழுந்தான். காபி பாதியில் இருக்கும்போது பேண்ட் சத்தம் தெருமுனையில் கேட்டது. மின்விசிறி நின்றது.

கரண்ட் வந்த பிறகு பட்டனை அழுத்தினான். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, குரல் வரவில்லை. நாலு தடவை அணைத்துப் போட்டான், வாய் திறக்கவில்லை. அன்று ராத்திரி படுக்கையில் கிடந்து, கடிதத்தை அழித்துவிடுவது என்று முடிவு செய்தான். விடிந்தபோது அந்த முடிவு பாதி கரைந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அனுப்புவதானாலும் அழிப்பதானாலும் அந்தக் குரல் வேண்டும். மறுநாள் ஞாயிறு, மூன்றாம் ஓலை.

சனிக்கிழமை காலை வினோலியா குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து, அவன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர், அன்று லீவு.

"தள்ளுண்ணே, என்னா போட்டிருக்குன்னு பாக்குறேன்."

"வேணாம் வினோ. பாய் கோயம்புத்தூர்லருந்து வரட்டும், அவரே பாத்துக்குவாரு."

"அவரு வர பத்து நாளாகும். திங்கக்கிழமை பாடத்தை அனுப்பணும்னு நீதான சொன்ன?" அதற்குள் தன் போனில் பாயைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டாள்.

இத்தனை வருசத்தில் அந்தத் திரையை அவள் எட்டிப் பார்த்ததில்லை. அது அவனுடையது, அவ்வளவுதான்.

"படம் கிடம் ஏதாச்சும் தெரியுதாம்மா?" என்றார் யாசின் பாய்.

"இல்ல பாய். கருப்பா இருக்கு, வெள்ளை எழுத்து. லாகின்னு கேட்டு நிக்குது."

பிராங்கிளினுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. வெறும் எழுத்துத் திரை, கடிதம் அதில் வராது. பாஸ்வேர்டை அவனே தட்டினான்.

"அப்டேட் பாதியில நின்னுருக்கு, வேறொண்ணுமில்ல. நான் சொல்றத அடிங்க. சூடோ, ஒரு ஸ்பேஸ், டி பி கே ஜி, ஒரு ஸ்பேஸ், ரெண்டு கோடு, கன்ஃபிகர், ஒரு ஸ்பேஸ், ஒரு கோடு, ஏ."

பிராங்கிளின் அடித்தான். அவன் அடித்ததை வினோலியா எழுத்து எழுத்தாக வாசித்துச் சரிபார்த்தாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே பொறுமை. இந்தப் பொறுமைதான் இன்னும் பதினேழு நாளில் பஸ் ஏறி வேடசந்தூர் போகப் போகிறது என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை முட்டியது. கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"ஓடுதுண்ணே, வரிவரியா ஓடுது" என்றாள். கொஞ்ச நேரத்தில், "நின்னுருச்சு. டிஸ்க்குல இடமில்லைங்குது."

"பழைய இன்ஸ்டால் கோப்பெல்லாம் அடைச்சுக்கிட்டு இருக்கும், அதைக் கழுவி விட்ருவோம்" என்று பாய் இன்னொரு கட்டளையைச் சொன்னார். அதை அடித்து, முதல் கட்டளையை மறுபடி அடித்தார்கள். திரும்ப ஓடியது.

"எந்திரிக்கிறேண்ணே, குழம்பைக் கிண்டிட்டு வாரேன்" என்று போனவள், வந்து, "உக்காந்துட்டேன்" என்றாள்.

அது அவர்கள் அம்மா வைத்த பழக்கம். பிராங்கிளின் ஆறு வயதில் ஒருநாள், அப்பா எழுந்து வெளியே போனது தெரியாமல் கால் மணி நேரம் காலி நாற்காலியிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் சொல்லாமல் எழுந்து போனதில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் வினோலியா அதை விட்டதில்லை.

"பாய், ஏதோ கேள்வி கேக்குது. நாம மாத்தி வச்ச பழைய செட்டிங்க அப்படியே வச்சுக்கவா, புதுசு போடவாங்குது."

யாசின் பாய் அந்தப் பக்கம் யாரிடமோ பேசிக்கொண்டே, "புதுசே போடுங்க. பழசுலதான் கோளாறு இருக்கும்" என்றார். ஸ்பீக்கரை ஊமையாக்கியது தானே எழுதிய அந்தப் பழைய செட்டிங்தான் என்பது மனிதருக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. பிராங்கிளினுக்கும் உறைக்கவில்லை. 'ஒய்' எழுத்தைத் தேடி அழுத்தியது அவன் விரல்தான்.

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. வினோலியா முனகலாகச் செபம் சொல்லி முடித்து, "எல்லாம் முடிஞ்சு பழைய இடத்துக்கு வந்துருச்சு பாய்" என்றாள்.

"அம்புட்டுதான். இப்ப ஒருக்கா அணைச்சுப் போடுங்க, வாய் வந்துரும்."

இந்த இடத்துக்காகத்தான் பிராங்கிளின் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தான். மிஷின் எழுந்ததும் கடிதத்தைத்தான் திறக்கும். "நீ போ வினோ, குழம்பைப் பாரு" என்றான்.

"சிம்மில வச்சிருக்கேன். வாய் வருதான்னு கேட்டுட்டுப் போறேன். இம்புட்டு நேரம் உக்காந்ததுக்கு அதுகூட வேணாமா?"

மேற்கொண்டு விரட்டினால் சந்தேகப்படுவாள். இயர்போனை அழுத்திச் செருகி, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டான். மூடியைப் பாதி சாய்த்து, திரையைத் தன் மார்புப் பக்கம் திருப்பி வைத்தான். இனி அவளுக்கு எதுவும் தெரியாது, எதுவும் கேட்காது. குரல் வந்த நொடியில் அழித்துவிட வேண்டும். அனுப்பவே வேண்டாம், அழித்துத்தான் விட வேண்டும். நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து தனக்காக எழுத்துக்கூட்டியவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த முடிவுக்கு அவன் முழுசாக வந்தான். பட்டனை அழுத்தினான்.

காதுக்குள் ஒன்றும் கேட்கவில்லை.

"மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கு" என்று ஸ்பீக்கர் உரக்க ஆரம்பித்தது.

"அல்ஹம்துலில்லா, வாய் வந்துருச்சு தம்பி" என்றார் யாசின் பாய்.

"வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிக்கப்பட இருக்கும் வினோலியாவுக்கு நிச்சயிக்கப்பட்ட ஆண்டனிராஜ் என்பவர், வேடசந்தூரில் ஏற்கெனவே ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்து ஏமாற்றி..."

பிராங்கிளின் குரலை நிறுத்தும் சாவியைத் தேடினான். பத்து வருசமாகக் கண்ணுக்குப் பதிலாக இருந்த விரல்களுக்கு அன்று இடம் தெரியவில்லை. வேறு ஏதோ சாவியில் பட்டு, குரல் அடுத்த பத்திக்குத் தாவியது. மூடியை அறைந்து சாத்தினான், உள்ளிருந்து வாசித்தது. திரும்பத் திறந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்தான். அணைவதற்குப் பிடித்த அந்த நாலைந்து விநாடியில் அது கடைசி வரியையும் சொல்லி முடித்தது. "இப்படிக்கு, பெயர் வெளியிட விரும்பாத பங்கு மக்களில் ஒருவன்."

"நான் பெறகு பேசுறேன் தம்பி" என்று மெதுவாகச் சொல்லி யாசின் பாய் போனை வைத்தார்.

"அனுப்பிட்டியா?" என்றாள் வினோலியா. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"இல்ல. அம்மா சத்தியமா இல்ல."

இயர்போன் இன்னும் காதிலேயே இருந்தது. கழற்ற வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். அவள் சும்மா இருந்தது தாங்க முடியவில்லை. குனிந்தபடி பேச ஆரம்பித்தான்.

"அழிக்கணும்னுதான் இருந்தேன் வினோ. இப்ப, இந்த நிமிசம் அழிக்கத்தான் போனேன். நம்ப மாட்ட, தெரியும். அந்த ஆளு நல்லவருதான். நிச்சயத்தன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மாசம் ரெண்டு தடவ கூட்டிட்டு வாரேன் மச்சான்னாரு. மாசம் ரெண்டு தடவ. மிச்ச நாள் நான் யார்கிட்ட பேசுறது? பக்கத்து வீட்டு இஞ்ஞாசியம்மா சோத்த வச்சிட்டுப் போயிரும். ராத்திரி கதவைச் சாத்தினா இந்த மிஷின்தான். நீ போகக் கூடாதுன்னு இல்ல. போ. எனக்குப் பயமா இருந்துச்சு, அதைச் சொல்ல வாய் வரல. சொன்னா நீ கல்யாணமே வேணாம்னு உக்காந்துருவ. அதுவும் எனக்குத் தெரியும். அதுக்குத்தான்... இல்ல, அதுவும் பொய். நீ அப்படி உக்காரணும்னுதான் எழுதுனேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டான். இப்படி ஒரு பேச்சை அவன் வாழ்நாளில் யாரிடமும் பேசியதில்லை. நெஞ்சு லேசானதுபோலக்கூட இருந்தது.

"நாளைக்கு உன்கூட நானும் கோயிலுக்கு வாரேன். ஓலை வாசிக்கையில உன் பக்கத்துலயே நிக்கிறேன். ஏதாச்சும் பேசு வினோ. திட்டவாவது செய்யி."

அடிப்பிடிக்கிற வாசம் வந்தது.

"வினோ, குழம்பு கருகுது பாரு" என்றான்.

இயர்போனை உருவி எறிந்துவிட்டுப் பக்கத்தில் கையை நீட்டினான். விரலில் நாற்காலியின் கைப்பிடி பட்டது, பிறகு முதுகு பட்டது. உள்ளங்கையை விரித்து உட்காருகிற இடத்தில் வைத்துப் பார்த்தான். அங்கே சூடுகூட இல்லை.