சவுக்குத் தோப்பில் ஒரு புதுப் பூ

வெளிநாட்டு ஊசியிலைக் காடுகளில் மூன்று வருஷம் ஆராய்ச்சி செய்து திரும்பிய புரொபசர் தோத்தாத்ரி, படப்பைப் பக்கத்துச் சவுக்குத் தோப்பைக்கூட "நம்ம பைன் காடு" என்றுதான் சொல்வார். சவுக்கு பைன் இல்லை என்பது தாம்பரத்துக் கல்லூரியில் முதல் வருஷ மாணவனுக்கே தெரியும். டெமான்ஸ்ட்ரேட்டர் ஜெபசீலனுக்குப் பதினாறு வருஷமாகத் தெரியும். சொல்லத்தான் தெம்பில்லை.

அந்தப் பைன் காட்டில்தான், 1968 பிப்ரவரியில், புதுப் பூ அகப்பட்டது. புரொபசர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. குடையால் காட்டினார். டிரைவர் சிட்டிபாபு ஒரு முள் கிளையை ஒடித்து வந்தான்.

"இன்னா சார் இது, கைல்லாம் கிழிச்சிட்ச்சி. இதுக்குப் பூ ஒரு கேடு!"

ஒரு வாரம் புத்தகங்களைப் புரட்டினார்கள். இப்படி முள்ளும் இப்படி மஞ்சள் பூவும் சேர்ந்த செடி எதிலும் இல்லை.

"நியூ ஸ்பீஷீஸ், ஜெபசீலன்!" என்றார் புரொபசர்.

புதுச் செடிக்குத் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது தாவரவியலில் அழகில்லை. இன்னொருவர்தான் சூட்ட வேண்டும்.

"நீரே பேர் வையும். எந்தப் பேர் வேணும்னாலும் வையும்" என்றார் பெருந்தன்மையாக. அவர் மேஜைமேல் ஜெபசீலனுக்கான சிபாரிசுக் கடிதம் கையெழுத்தில்லாமல் கிடந்தது. வேறொரு கல்லூரியில் லெக்சரர் வேலை. திங்கட்கிழமை இன்டர்வியூ. நாற்பத்திரண்டு வயசில் இதையும் விட்டால் அடுத்தது ரிட்டயர்மென்ட்தான்.

அன்று சாயங்காலம் கிளையைத் தாளில் ஒட்ட உட்கார்ந்தார் ஜெபசீலன். காய்ந்த பூவைப் பிரித்துப் பார்க்க வெந்நீரில் ஊறப்போடுவது வழக்கம். பூவோடு ஒரு துண்டுக் கிளையைப் போட்டார். ஊறியதும் பூ மட்டும் முள்ளை விட்டுக் கழன்று, மெல்லிய கொடித்தண்டோடு மிதந்தது. முசுமுசுக்கை. இலையை ஆடு மேய்ந்துவிட, மிச்சக் கொடி காரைமுள்ளில் சுற்றிக் கிடந்திருக்கிறது.

மறுநாள் சொன்னார். "சார், இது ரெண்டு செடி."

"ரெண்டுமே புதுசா?"

"ரெண்டும் பழசு சார். முள்ளு காரை. பூ முசுமுசுக்கை. இருமல் வந்தா எங்க வீட்ல தோசைமாவுல அரைச்சுப் போடுவாங்க."

"தோசைமாவுலயா?" புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் முகம் தெளிந்துவிட்டது. "எனக்கு அப்பவே தெரியும், ஓய். உம்மைச் சோதிச்சுப் பார்த்தேன்."

சனிக்கிழமை கடிதம் கைக்கு வந்தது. வீட்டில் மனைவி யூனிஸ் காபியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"நல்லா எழுதியிருக்காரா?"

ஜெபசீலன் படித்தார்: "கடும் உழைப்பாளி. இரு வேறு செடிகளை ஒன்றென ஒட்டிவிடும் இயல்பு உண்டு. நான் கவனித்துத் திருத்தினேன். மேற்பார்வை அவசியம்."

யூனிஸ் அலமாரியைத் திறந்தாள். "அப்ப, திங்கட்கிழமைக்கு அந்த வெள்ளைச் சட்டைய இஸ்திரி போடட்டுமா, வேண்டாமா?"

"போடு" என்றார். "லாபுக்குப் போகணுமே."