படம் இல்லாத வேளா

"இன்னும் ஒரு சுத்துச் சுத்து பிள்ளை. அந்தக் கீறல் தெரியுது."

அம்மா மதலேனா சொன்னபடியே றொஷேல் செபமாலையை அவிழ்த்து, பெட்டியில் கிடந்த அப்பாவின் வலது புறங்கையை மறைத்து மறுபடி சுற்றினாள். விறைத்த விரல்கள் வளைந்து கொடுக்கவில்லை. புறங்கையில் நான்கு கீறல்கள், அளவுகோல் வைத்துப் போட்டது போல ஒரே இடைவெளியில் இருந்தன. காய்ந்து கறுத்திருந்தன. செபமாலையின் மணிகள் மூன்றை மறைத்தன. நான்காவதை மறைக்கச் சிலுவையை இழுத்து அதன்மேல் வைத்தாள்.

"இப்ப சரி" என்றாள் அம்மா. "கையில காயத்தோட கிடக்கிறார் எண்டு சனம் கதைக்கக் கூடாது."

அப்பா சிங்கராசாவுக்கு அறுபத்து மூன்று வயது. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, பெரிய வள்ளத்தில் தொழிலுக்குப் போவதை டொக்டர் நிறுத்திவிட்டார். ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் சும்மா இருக்கிற ஆளா அவர்? காற்றில் பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்களுக்காக நடத்திய விடுதி ஒன்றில் காவலுக்கு நின்றார். அது மூடப்பட்டபோது விடுதிக்காரர் கயாக் என்கிற துடுப்புத் தோணி ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக், ஒருவர் மட்டும் இருக்கலாம். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. "சிங்கராசா குளிக்கிற தொட்டியோட கடலுக்குப் போறான்" என்று அவருடைய கூட்டாளி சந்தியோகு தலைமன்னார் முழுக்கச் சொல்லித் திரிந்தார். சிங்கராசா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காற்று விழுந்த காலைகளில் துடுப்புப் போட்டுப் போய், கரை தெரிகிற தூரத்தில் தூண்டில் போட்டு, கறிக்கு நாலு விளைமீனோடு வருவார்.

வியாழக்கிழமை காலையில் அந்தக் கயாக் தானாக மிதந்துகொண்டிருந்ததைக் கண்டவரும் சந்தியோகுதான். சிங்கராசா இருந்த இருப்பில் தலையை நெஞ்சில் சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து இரண்டு தரம் பகிடியாகக் கூப்பிட்டாராம். இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள்.

கழுத்தில் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் கைபேசி தொங்கிக்கொண்டிருந்தது. றொஷேல் பாவித்துக் கழித்த பழைய கைபேசி அது.

அதைப் பற்றித்தான் இப்போது முற்றத்துப் பந்தலுக்குள் மதலேனா வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"ஒரு கிழமையா ஒவ்வொரு நாளும் போனவர். காத்தெண்டும் பாக்கேல்லை. ஏனப்பா இப்பிடி ஓடுறியள் எண்டு கேட்டன். பிள்ளைக்கு ஒரு படம் வேணுமாம், எடுத்துக் குடுத்திட்டு நிப்பாட்டுறன் எண்டவர். என்ன படமோ, எனக்கெண்டா விளங்கேல்லை."

அம்மா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மனுசன் பிள்ளையில் வைத்திருந்த பாசத்துக்குச் சாட்சியாகத்தான் சொன்னாள். கதிரைகளில் இருந்தவர்கள் 'பாவம்' என்று தலையாட்டினார்கள். றொஷேலால் அந்த முற்றத்தில் நிற்க முடியவில்லை. குசினிக்குள் போனாள்.

குசினிக் கதவில் அவளுடைய கந்தோர் அடித்த சுவரொட்டி ஒட்டியிருந்தது. கரையோர மீன்களைப் பதிவு செய்கிற ஒரு சிறிய நிறுவனத்தில் அவள் வேலை செய்தாள். துறைகளில் இறங்குகிற மீன்களைப் பார்த்து எழுதுவதும், அழிந்துபோகிற மீன்கள் தவறிப் பிடிபட்டால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதும் வேலை. சுவரொட்டியில் முதலாவதாக இருந்தது வேளா. சுறாவைப் போல உடம்பு, முகத்துக்கு முன்னால் வாள்போல நீண்ட கொம்பு, கொம்பின் இரு பக்கமும் பல். படத்துக்குக் கீழே இருந்த வரிகளை எழுதியவள் அவளேதான்.

'தண்ணீரை விட்டு வெளியே தூக்க வேண்டாம். கொம்பில் கை வைக்க வேண்டாம். தூண்டிலைப் பிடுங்காமல் நூலைக் கிட்டவாக வெட்டிவிடுங்கள். படம் எடுப்பதற்காக மீனைத் தாமதிக்க வைக்க வேண்டாம்.'

கடைசி வரியை அவள் வாசிக்காமல் திரும்பிக்கொண்டாள். வாசிக்காவிட்டாலும் அது மனப்பாடம்.

போன கிழமை புதன்கிழமை, இதே கதவடியில்தான் அப்பா ஈரச் சாரத்தோடு வந்து நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பிள்ளை, இண்டைக்கு ஒரு வேளா பட்டது. விட்டிட்டன்."

அவள் மடியில் கணினியை வைத்துக்கொண்டு மாத அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். "படம் எடுத்தீங்களோ?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"எங்க எடுக்கிறது? ஒரு கையில துடுப்பு, மற்றக் கையில நூல். கொம்பில நூல் சுத்திப் போச்சு. தண்ணிக்குள்ளயே வச்சுக் கிட்டவா வெட்டினனான். தலையை ஒருக்கா ஆட்டிச்சுது, கையைக் கீறிப்போட்டுது. பிறகு கொஞ்ச நேரம் அப்பிடியே கிடந்திட்டு மெல்ல நீந்திப் போயிட்டுது. நீ எழுதின மாதிரியே செய்தனான் பிள்ளை."

கையை நீட்டிக் காட்டினார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். "கல்லுப் பாரில உரசியிருப்பீங்கள்" என்றாள்.

அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் இலுப்பைக்கடவையில் இருந்து வந்த ஒரு மங்கல் படத்தை நம்பி, வேளா என்று தலைமைக் கந்தோருக்கு அனுப்பியிருந்தாள். அது உழுவை என்று பதில் வந்தது. உழுவைக்கும் அதே சுறா உடம்புதான், ஆனால் கொம்பு கிடையாது. கூர்மூக்கும், முதுகில் முள் வரிசையும் மட்டும் உண்டு. அந்தப் பதிலை வேலை செய்கிற எல்லாருக்கும் சேர்த்தே அனுப்பி அவளுடைய மூக்கை உடைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வேளா என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் கூசியது.

"கொம்பு எப்பிடி இருந்தது?"

"முன்னுக்குப் பல்லு நெருக்கமா இருந்தது. தலைக்குக் கிட்ட ஒரு நாலு விரலுக்குப் பல்லில்லை. வழுவழு எண்டு இருந்தது."

அவள் அதில்தான் அவரைப் பிடித்தாள். அந்தோனியார் கோயிலில் வேளாக் கொம்புகள் தொங்குகின்றன. பெரிய வேளா பட்டால் கொம்பை அந்தோனியாருக்கு நேர்ந்து கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில் பிரசங்கம் நீளும்போது அந்தப் பற்களை எண்ணியே அவள் வளர்ந்தாள். நுனியில் இருந்து அடி வரைக்கும் பல்தான்.

"அடி வரைக்கும் பல் இருக்கும் அப்பா. இல்லையெண்டா அது வேளா இல்லை. உழுவையின்ர முதுகு முள்ளைத்தான் பாத்திருப்பீங்கள். கண்ணாடியும் போடாமப் போறது."

"எனக்குத் தெரியும் பிள்ளை. முந்தி நானும் சந்தியோகுவும்…"

"முந்தி இருந்தது அப்பா. இப்ப ஒருத்தரும் காணேல்லை. படம் இல்லாம நான் எழுதேலாது. கந்தோரில சிரிப்பினம்."

அப்பாவின் சிரிப்பு போவதா நிற்பதா என்று தெரியாமல் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. "சரி, நீ இப்ப எழுதாத" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போனார். அன்று பின்னேரம்தான் அந்தப் பழைய கைபேசியைக் கேட்டு வாங்கினார். எதற்கென்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்பதுதான் இப்போது அவளைத் தின்றது. மீன்களை அடையாளம் காணுகிற புத்தகம் அலுமாரிக்கு மேலே, கை எட்டுகிற உயரத்தில் கிடந்தது. அதையும் அன்று எடுத்துப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை இரவு அந்தக் கைபேசியைத் திறந்து பார்த்தாள். நூற்றுப் பதினேழு படங்கள். எல்லாம் தண்ணீர். சிலவற்றில் துடுப்பின் முனை, சிலவற்றில் அவருடைய பெருவிரல்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டு போனார்கள். பங்குத் தந்தை பூசையில் சிங்கராசாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். றொஷேலின் காதில் ஒன்றும் ஏறவில்லை. சின்ன வயதுப் பழக்கம், கண் தானாக அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்துச் சுவருக்குப் போனது. ஆள் உயரத்துக்கு இரண்டு பெரிய கொம்புகள் குறுக்காகத் தொங்கின. அவற்றுக்குக் கீழே, தூணின் நிழலில் மூன்றாவதாக ஒன்று. முழங்கையில் இருந்து விரல்நுனி வரையான நீளம்தான். சுவருக்கு வெள்ளை அடிக்கும்போதெல்லாம் அதற்கும் சேர்த்து அடித்திருந்தார்கள். இத்தனை வருடமாக அதையும் மற்றவற்றைப் போலத்தான் என்று நினைத்திருந்தாள். பெரியவற்றை எண்ணியவள் அதை ஒரு நாளும் எண்ணியதில்லை.

இப்போது எண்ணினாள். நுனியில் இருந்து பல் நெருக்கமாக வந்து, அடியை நெருங்கும்போது நின்றுவிட்டது. அதற்குமேல் வெறும் கொம்புதான், வழுவழுவென்று.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவள் இன்னும் அந்தக் கொம்பையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அம்மாதான் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

அடக்கம் செய்கிற சேமக்காலைக்குப் போகிற மணல் வழியில் அவள் பெண்களை விட்டு விலகி, சந்தியோகுவோடு சேர்ந்து நடந்தாள்.

"மாமா, கோயில்ல அந்தச் சின்னக் கொம்பு ஆர் குடுத்தது?"

"அதோ?" சந்தியோகு லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். "அது உன்ர கொப்பரும் நானும் பிடிச்ச வேளா. எண்பத்தி ரெண்டோ மூண்டோ. அது ஒரு சாதி, பெரிசைப் போல இல்லை, அடியில பல்லிருக்காது. கரையில கொண்டுவந்து வெட்டினாப் பிறகு பாத்தா வயித்துக்குள்ள குட்டியள். அஞ்சோ ஆறோ துடிச்சுது. கொப்பர் அண்டைக்குச் சோறு தின்னேல்லை. கொம்பைக் கொண்டுபோய் அந்தோனியாருக்குக் குடுத்திட்டு, இனி என்ர கையில வேளா பட்டா உயிரோட விடுவன் எண்டு நேந்தவன்."

"பிறகு?"

"பிறகெங்க? சண்டை வந்தது, இந்தியாவுக்கு ஓடினம், திரும்பி வந்தம். நாப்பது வருசமா ஒண்டும் அவன்ர கைக்கு வரேல்லையே. நேத்திக்கடன் பாக்கி, அந்தோனியார் என்னைக் கூப்பிட மாட்டார் எண்டு பகிடி விடுவான்." லேஞ்சியை மடித்து இடுப்பில் செருகினார். "உனக்குச் சொல்லேல்லையோ?"

"சொல்ல வெளிக்கிட்டவர்" என்றாள் றொஷேல்.

சேமக்காலையில் கடைசியாக ஒருமுறை பார்ப்பதற்குப் பெட்டியைத் திறந்தார்கள். மதலேனா குனிந்து நெற்றியில் முத்தமிட்டுவிட்டு ஒதுங்கினாள். றொஷேல் குனிந்தாள். சிலுவையை விலக்கினாள். பிறகு செபமாலையின் சுற்றுகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளி மணிக்கட்டில் சேர்த்தாள். நான்கு கீறல்களும் வெளியே தெரிந்தன. அவற்றின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"என்ன பிள்ளை செய்யிற? மூடி விடு, சனம் பாக்குது" என்றாள் அம்மா.

"பாக்கட்டும் அம்மா."

கனடாவில் இருக்கிற சொந்தங்களுக்கு அனுப்ப வீடியோ எடுக்கிற ஜஸ்ரின் கமராவோடு கிட்ட வந்தான். காலையில் இருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தவன்.

"அக்கா, அப்பிடியே ஒருக்கா நிமிருங்கோ. அப்பாவோட கடைசிப் படம் ஒண்டு."

"படம் வேண்டாம் தம்பி" என்றாள். பெட்டியின் ஓரத்தில் இருந்து கையை எடுத்தாள். "படத்துக்காக அவரை வச்சுக்கொண்டு நிக்க வேண்டாம். மூடுங்கோ."

சந்தியோகுவும் இன்னொருவரும் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.