இருபது நிமிடம்

அந்தக் கடிதத்தை எழுதியது நான். பெட்டியில் போட்டது பம்பரம். இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்காரமாட்டாள் என்பதால் என் தோழிக்கு அந்தப் பெயர். எங்கள் இருவரைத் தவிர ஈ காக்கைக்குக்கூட விஷயம் தெரியாது.

கடிதத்தில் பெரிய சதித்திட்டம் ஒன்றும் இல்லை. எங்கள் பள்ளியில் பாட நேரத்தில் கழிப்பறையைப் பூட்டி வைப்பார்கள். திறந்திருந்தால் படிப்பு கெட்டுவிடுமாம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கெஞ்சிப் பார்த்துவிட்டு, பெஞ்சிலேயே சீருடையை நனைத்துக்கொண்டாள். 'தயவுசெய்து பூட்டாதீர்கள்' என்று எழுதினேன். யாரென்று தெரியக்கூடாது என்று இடது கையால், கோழி கிளறினாற்போல் எழுதினேன். ஆலோசனைப் பெட்டியை மாட்டியது அவர்கள். பெயர் எழுத வேண்டாம் என்றதும் அவர்களேதான்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார். "பத்தாம் வகுப்புல ஒருத்தி இந்த ஸ்கூல் பேரைக் கெடுக்கப் பாக்குறா. யாருன்னு தெரிஞ்ச அன்னைக்கே டி.சி."

பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

விசாரணை ஆரம்பித்தது. ஒவ்வொருத்தியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆளுக்கு ஐந்து நிமிடம். வெளியே வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "ஒண்ணும் கேக்கலடி, சும்மா உக்கார வெச்சாங்க." யாராவது நம்புவார்களா? சிரித்துக்கொண்டு வந்தவள் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றோம். அழுதுகொண்டு வந்தவளையும் அப்படியே சொன்னோம். இரண்டே நாளில், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் பம்பரம் போனாள். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. நான் வராந்தாக் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் வெளியே வந்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது.

"என்னடி கேட்டாங்க?"

"எதுவுமே கேக்கல. அவங்க பேப்பர் திருத்துனாங்க, நான் உக்காந்திருந்தேன். கால் மரத்தே போச்சு."

"எல்லாருக்கும் அஞ்சு, உனக்கு மட்டும் இருபதா?"

"எனக்கென்னடி தெரியும்? அவங்களையே போய்க் கேளு" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பம்பரமாவது, இருபது நிமிடம் உட்காருவதாவது! என்னவோ பேசியிருக்கிறாள். என் தலையில் கட்டிவிட்டுத் தான் தப்பித்துக்கொண்டாள் என்று முடிவே செய்துவிட்டேன்.

அடுத்தது என் முறை. உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அவர் நிமிரவே இல்லை. சிவப்புப் பேனா தாளில் ஓடிக்கொண்டிருந்தது. மேஜை ஓரத்தில் டி.சி. புத்தகம் திறந்திருந்தது. பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. அதில் என் பெயர்தான் ஏறப்போகிறது என்று நினைத்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்காவது நிமிடத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"அவதான் மிஸ் பெட்டில போட்டா."

"யாரு?"

சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன். பொய் இல்லையே, போட்டது அவள்தானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை பம்பரத்தின் அம்மா வந்திருந்தார். நர்ஸ். இரவுப் பணி முடித்து, உடை மாற்றாமல் அப்படியே வந்திருந்தார். அறை வாசலில் நின்ற எழுத்தரிடம், "பரீட்சை மட்டும் எழுத விடுங்க சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பம்பரம் புத்தகப் பையோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். அறையப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பயப்படாதடி" என்று கிசுகிசுத்தாள். "நேத்து சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டாங்க. நான் போட்டதை எவளோ பாத்துச் சொல்லிட்டா. எழுதினதும் நான்தான்னு சொல்லிட்டேன். உன் பேர் வெளிய வராது."

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

"மிஸ், அந்த லெட்டரை எழுதினது நான்!"

"தெரியும்" என்றார். பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மூணு வருஷமா உன் கட்டுரைய நான்தானே திருத்துறேன். இடது கையால எழுதினா நடை மாறிடுமா?"

"அப்போ அவளை ஏன் மிஸ்..."

இப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அவளை இருபது நிமிஷம் சும்மா உக்கார வெச்சதுக்கே நீ அவ பேரைச் சொல்லிட்ட. அவ உனக்காகப் பழியையே ஏத்துக்கிட்டா. அந்த மாதிரி ஒருத்தி இருந்தா, பின்னாடியே நாலு பேர் வந்து நிப்பாங்க. எனக்கு அது சரிப்படாது. உன்னால எந்தத் தொல்லையும் இல்ல. நீ இங்கயே படி. கிளாசுக்குப் போ."

வெளியே பம்பரத்தின் அம்மா டி.சி.யில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பம்பரம் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்களிடம் உண்மையைச் சொல்ல நாலடி எடுத்து வைத்தால் போதும்.

நான் வகுப்புக்குப் போனேன்.