கண்ணாடி கழற்றிய வண்டி

வண்டி மூன்றாம் தடவையாக மலைப்பாதையின் அறுபத்தோராம் வளைவில் நின்றுபோனது. மறுநாள் காலை இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, கீழே சேந்தமங்கலத்தில் ஒரு ரூம் பார்த்திருப்பதாகத் தனபால் மாமனாரிடம் சொன்னான்.

அர்த்தனாரி பிட்ட இட்லியோடு நிமிர்ந்தார். "எதுக்குங்க மாப்ள?"

"வண்டி மேல ஏற மாட்டேங்குதுங்க மாமா. கடைசி பஸ்ஸுக்குள்ள காலேஜுல வேலையும் முடியறதில்ல. தெனம் ஒருத்தர் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தா நல்லாவா இருக்குது?"

சமையற்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. "சோறு தண்ணி புடிக்கலையான்னு கேளுங்க" என்றாள் மாமியார் பொன்னாயி, உள்ளிருந்தே.

"அதெல்லாம் இல்லீங்க அத்தை."

"அப்ப யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களான்னு கேளுங்க."

அர்த்தனாரி நடுச்சுவரைப் பார்த்தார். "நாலடி தூரத்துல உக்காந்திருக்கறாரு. நீயே கேக்கறது!"

அவள் கேட்கவில்லை. மருமகனிடம் நேருக்கு நேர் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. மகள் கோகிலா இருந்தவரை அவள் வழியாகப் பேசினாள். இப்போது புருஷன் வழியாக. அவரும் காட்டுக்குப் போய்விட்டால் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்து, "வெந்நி காஞ்சு ஒரு மணி நேரமாச்சு" என்பாள். தனபால் எழுந்து குளிக்கப் போவான்.

கோகிலா போய்ப் பதினோரு மாதம். ஆடி நோம்பிக்குத் தாய்வீடு வரும் வழியில், நாற்பத்தாறாம் வளைவில், மழையில் பைக் சறுக்கியது. பைக்கை ஓட்டிய தனபாலுக்கு இடது கை முறிந்தது. அவ்வளவுதான் அவனுக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து அவனை இவர்கள்தான் மலைமேல் அரியூர் நாட்டில் இருந்த தங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். நாமக்கல்லில் அண்ணன் வீடு இருந்தது. போகத் தோன்றவில்லை. கை கூடிய பிறகும் போகவில்லை. மகள் போன வீட்டில் மருமகனுக்கு என்ன வேலை என்று ஊரில் கேட்டவர்களுக்குப் பொன்னாயி என்ன பதில் சொன்னாள் என்று அவனுக்குத் தெரியாது. கேட்டவர்கள் மறுபடி கேட்கவில்லை.

பைக்கை அதன் பிறகு அவன் தொடவில்லை. எஞ்சின் செத்துக் கிடந்த பழைய ஆம்னி ஒன்றை வாங்கி, எஞ்சினை இறக்கிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைத்தான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் லேப் அவன் பொறுப்பு. சாயங்காலங்களைத் தள்ள ஏதாவது வேண்டியிருந்தது. ஐந்து மாதம் பிடித்தது. சமதளத்தில் வண்டி குறையில்லாமல் ஓடியது. அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பேட்டரி மளமளவென்று இறங்கும். எழுபது வளைவில் அறுபத்தொன்று வரை வரும். அதற்கு மேல் நகராது.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேனுங்க மாமா. ஊடு வரைக்கும் ஏறுச்சுன்னா இங்கயே இருந்துக்கறேன். இல்லீன்னா ரூமுதான்."

சொன்ன பிறகுதான், வண்டி ஏற வேண்டும் என்று தனக்கு ஆசை இருப்பது அவனுக்குத் தெரிந்தது.

"இன்னொரு பேட்டரி வெச்சுட்டா?"

"அதுவே எண்பது கிலோங்க. அதையும் இந்த மோட்டார்தான தூக்கோணும்? கனத்தைக் குறைக்கறதுதான் வழி. கண்ணாடிய எல்லாம் எடுத்துட்டு பிளாஸ்டிக் போடப் போறேன். வண்டி லேசாயிரும்."

"எத்தன கிலோ குறையும்னு கேளுங்க" என்றது சமையற்கட்டு.

"பதினஞ்சாவது குறையுமுங்க அத்தை."

கரண்டிச் சத்தம் மறுபடி தொடங்கியது. அத்தைக்கும் ஆர்வம் வந்துவிட்டது என்று தனபால் நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை அர்த்தனாரியும் கூட வந்தார். வேடிக்கை பார்க்க என்றார்.

ஜாபர் உசேனின் கடை சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. லாரிக் கண்ணாடி மாற்றுவதில் அவருக்கு இருபது வருஷப் பழக்கம். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடு ஒன்றை இரண்டு செங்கல் மேல் வைத்து, அதன்மேல் ஏறி நின்றார். எண்பத்தைந்து கிலோ ஆள். தகடு வளைந்தது, உடையவில்லை.

"சுத்தியல் வேணுமா தம்பி?"

"நம்பறேனுங்க பாய்."

"நீங்க நம்பறீங்க. மாமா நம்பல, மூஞ்சியப் பாருங்க."

அர்த்தனாரி சுத்தியலை வாங்கி ஒரு போடு போட்டார். அது துள்ளித் திரும்பியது. "அட!" என்று இன்னும் ஓங்கினார்.

"போதுமுங்க, போதுமுங்க. அது உங்க மாப்பிள்ளை வண்டிக்குப் போற தகடு."

கண்ணாடியைப் பிடித்திருந்த ரப்பர் பீடிங்கை உருவிப் பக்கக் கண்ணாடிகளையும் பின் கண்ணாடியையும் எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் அட்டையில் வைத்து வரைந்து, அந்த அளவுக்குத் தகட்டை வெட்டி, ஓரத்தை ராவினார் ஜாபர் உசேன். பீடிங்கின் பள்ளத்தில் நைலான் கயிறு ஒன்றைச் சுற்றி, தகட்டை வைத்து அழுத்தி, உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுத்தார். இழுக்க இழுக்க ரப்பர் சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

"முன் கண்ணாடியில மட்டும் கை வெக்க மாட்டேன். சட்டப்படி அது கூடாது. அதுவுமில்லாம வைப்பர் ரெண்டு மழைக்கு ஓடுனா பிளாஸ்டிக் பூரா கீறிப் போவும். எதிர்ல லாரி வந்தாலும் தெரியாது. இதையும் தூசியோட தேய்க்காதீங்க. தண்ணி ஊத்திட்டுத் தொடைங்க."

பக்கத்து இரும்புக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். கழற்றியது இருபத்தேழு கிலோ. மாட்டியது பன்னிரண்டு. நினைத்தபடி பதினைந்து கிலோ மிச்சம்.

பேட்டரி நிறைந்ததும் கிளம்பினார்கள். பத்தாம் வளைவில் தூறல் பிடித்தது. பிளாஸ்டிக்கில் மழை விழும் சத்தம் முறத்தில் கேழ்வரகு கொட்டுவது போல இருந்தது. அர்த்தனாரி ஜன்னலை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். நாற்பத்தாறாம் வளைவில் மட்டும் அவர் விரல் தட்டவில்லை. ஐம்பதில் பேட்டரி முள்ளைப் பார்த்த தனபாலுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஐம்பத்தெட்டில் வண்டி நின்றது.

"கண்ணாடி இருந்தப்பவே மூணு வளைவு சேத்தி வந்துச்சுங்களே" என்றார் அர்த்தனாரி.

தனபால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். மாமாவின் கனத்தைச் சேர்த்துக்கொண்டாலும் கணக்கு எங்கே தப்பியது என்று தெரியவில்லை. சேந்தமங்கலத்து ரூம் நினைவுக்கு வந்தது. ஒரு கட்டில், எதிர்ச்சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல்.

சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எடுக்க அர்த்தனாரி பின்கதவைத் திறந்தார். கட்டையைத் தேடிப் பின் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். கட்டைக்குப் பதில் வேறு ஏதோ கையில் தட்டுப்பட்டது.

"மாப்ள, இங்க கொஞ்சம் வாங்க."

சீட்டுக்கடியில், சாக்குக்குப் பின்னால், பழைய சேலைத் துணியில் சுற்றிய மூட்டைகள் நான்கு. ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வராதபடி தனித்தனியாகச் சுற்றியிருந்தது. ஒன்றில் மணல். இரண்டில் மிளகு நிறுக்கும் ஐந்து கிலோ எடைக்கற்கள். நாலாவதைப் பிரித்ததும் அர்த்தனாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எங்கூட்டு அம்மிக் குழவி! மூணு நாளா மிக்சியில அரைச்ச சட்னிதான் போடறா. கேட்டதுக்குக் கை வலின்னா."

கீழே கிழங்கு இறக்கிவிட்டு வந்த ஊர்க்காரன் ராசுவின் லாரி பின்னால் வந்து நின்றது. ராசு தலையை வெளியே நீட்டி, வண்டியையும் ரோட்டில் வரிசையாக எடுத்து வைத்திருந்த கற்களையும் பார்த்தான்.

"ஏனுங்க மாப்ள, கண்ணாடியக் கழட்டியும் மூச்சு வாங்குதா? அடுத்தது சீட்டக் கழட்டுங்க. அதுக்கும் ஏறலீன்னா மாமனார எறக்கி உட்ருங்க. இதென்னுங்க, கல்லு வேவாரமா?"

"கயித்தக் கட்டுடா, பேசாம" என்றார் அர்த்தனாரி.

லாரிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த பொன்னாயி, கயிற்றைப் பார்த்ததும் நின்றாள். அர்த்தனாரி குழவியைக் கொண்டுபோய் அவள் காலடியில் வைத்தார்.

"இது என்ன?"

"குழவி."

"அது தெரியுது. வண்டியில எதுக்கு?"

அவள் புருஷனைப் பார்க்கவில்லை. தனபால் பக்கம் திரும்பினாள்.

"லேசான வண்டி ரோட்டுல நிக்காதுங்க சாமி. அந்த பைக்கு லேசா இருக்கப் போயித்தான சறுக்குச்சு? இந்த ராசுவே மழைல காலி லாரி எறக்குனா மண் மூட்டை போட்டுத்தான் எறக்கறான். நீங்க இருக்கற கனத்தையும் கழட்டறேன்னீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "வண்டி ஏறாம நீங்க ரூமுக்குப் போனாலும் போவட்டும். கீழ விழுகாம இருந்தாச் சரின்னு வெச்சேன்."

ராசு லாரியின் டயரைப் பார்க்கப் போனான்.

தனபால் குழவியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். லேபில் பையன்களுக்குச் சொல்வது போலச் சொல்லத் தொடங்கினான். அது சரியாக வரவில்லை. வேறு விதமாகச் சொன்னான்.

"அத்தை, சரிவுல புல்லுக்கட்டத் தலையில வெச்சு எறங்கறதும் வெறுந்தலையோட எறங்கறதும் ஒண்ணுங்களா?"

"எப்படி ஒண்ணாவும்?"

"கண்ணாடி வண்டிக்குத் தலைச்சுமைங்க. அதத்தான் எறக்கியிருக்கோம். இனி முன்னைவிடக் கால் நல்லா ஊணி நிக்கும்."

அவள் யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள்.

"சரிதானுங்க. ஆனா நான் கல்லத் தலையில வெக்கலையே. அடியிலதான வெச்சேன்? அதுவும் நல்லதுதானுங்க?"

தனபால் பின்சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தான். பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. கனம் பின்னால், தாழ்வாக இருந்தால் பிடிமானம் கூடும். அவள் சொன்னதில் பிழையில்லை.

"காலேஜுல இப்படிக் கேப்பாங்களா மாப்ள?" என்று அர்த்தனாரி சிரித்தார்.

பேசி முடிக்க அரைமணி ஆனது. மணலும் எடைக்கற்களும் வீட்டோடு. குழவி மட்டும் வண்டியோடு. எட்டு கிலோ. அவள் சுற்றிய துணியோடே அதைப் பின் அச்சுக்கு நேராக வைத்துக் கயிறு போட்டு இறுக்கினான். அவள் குனிந்து முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"அப்ப சட்னி?" என்றார் அர்த்தனாரி.

"மிக்சி இருக்குது. தின்னுங்க."

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் தனியாக, பேட்டரியை மிச்சம் பிடித்து மெல்ல ஓட்டிக் காரவள்ளியைத் தாண்டியபோது மழை விட்டிருந்தது. ஐம்பத்தெட்டு போனது. அறுபது போனது. அறுபத்தொன்றில் ஓரமாக ஒரு லாரி நின்றது. ராசுவின் லாரி. அதன் முன்னால் அர்த்தனாரி தோளில் கயிற்றோடு நின்றார், பக்கத்தில் ராசுவும் பொன்னாயியும். இவன் வேகத்தைக் குறைப்பதைப் பார்த்ததும் அவள் ரோட்டுக்கே வந்து இரண்டு கையையும் வீசினாள்.

"நிக்காதீங்க! நிக்காதீங்க சாமி, போங்க!"

அவன் நிற்கவில்லை. பின்பார்வைக் கண்ணாடியில் மூன்று பேரும் லாரிக்குள் அவசரமாக ஏறுவது தெரிந்தது. மேலே சோளக்காடு வரை பின்னாலேயே வந்தார்கள். அங்கே உரம் ஏற்ற ராசு நின்றுவிட்டான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது பேட்டரியில் நான்கு சதவீதம் இருந்தது. இறங்குவதற்கு முன் போனை எடுத்தான். ரூம்காரரைக் கூப்பிட்டு, வேண்டாமுங்க, வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றான். அவர் காரணம் கேட்டார். ஊட்ல இருந்தே வந்துக்கலாமுங்க என்றான்.

கதவு பூட்டியிருந்தது. சாவி எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். திறந்து விளக்கைப் போட்டான். லாரி வர எப்படியும் முக்கால் மணி ஆகும். மூன்று பேருக்கு அரிசி எடுத்துக் களைந்து உலையில் போட்டான். ராசுவும் சாப்பிடாமல் போகமாட்டான் என்று தோன்றியது. இன்னும் ஒரு டம்ளர் அரிசி எடுத்தான்.