அண்ணன் கூட்டிப்போக வந்த மதியம்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வாசிப்பார். தன் பேர் வரும்போது வாயைத் திறப்பாள்; காற்றுதான் வரும். விடுதிப் பெண்கள் அவளுக்கு முயல் என்று பேர் வைத்தார்கள். அறைத்தோழிக்கு ஏற்கெனவே டமாரம் என்று பேர். அவள் குளியலறையில் பாடினால் மாடி முழுக்கக் கேட்கும்.

மாலையானால் முயல் மாடிப்படிக்கு அடியில் நின்று வீட்டுக்குப் போன் செய்து அழுவாள். "என்னால முடியலம்மா. அண்ணாவை அனுப்பும்மா, வந்துடறேன்."

அண்ணனும் இதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முதல் ஆண்டு முடியுமுன்பே திரும்பியவன். சீனியர்கள் அடித்த அடியில் முன்பற்கள் போய்விட்டன. வழுக்கி விழுந்தேன் என்று வீட்டில் சொன்னான். எல்லோருக்கும் தெரியும், யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. இப்போது லாரி பட்டறையில் வேலை. தங்கையை அங்கே சேர்க்கவே கூடாது என்று தலைகீழாக நின்று பார்த்தான். அப்பா கேட்கவில்லை.

அழுகை குறைந்ததற்கு டமாரம்தான் காரணம். "போன்ல அழறதை இங்கயே அழு. எனக்கும் பொழுது போகும்ல?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வகத்தில் இருவரும் ஒரே மேசை. ஒருநாள் முயல் ஈயம் வைத்துப் பற்றவைத்த மின்சுற்றில் விளக்கு எரிந்தது; பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்டு முன்கையில் கொப்புளமும் வந்தது. அன்று மாலை போன் செய்ய மறந்தாள். மறுநாளும் மறந்தாள். அதற்கடுத்த நாள் மதியம், அண்ணன் பார்வையாளர் அறையில் நின்றிருந்தான்.

"பெட்டியைக் கட்டு."

"இல்லண்ணா, நான் வரல. இப்ப பரவாயில்ல."

"அப்படிச் சொல்லச் சொன்னது யாரு?" அவள் கையைப் பிடித்து இழுத்துச் சட்டைக்கையை ஏற்றினான். கொப்புளம் தெரிந்தது. "இது என்ன?"

"லேப்ல சூடு பட்டுச்சு."

"நானும் வழுக்கி விழுந்தேன்னுதானே சொன்னேன்! யாருன்னு சொல்லு."

"யாருமில்லண்ணா, சத்தியமா."

அவன் அவளைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்தான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விரல்களைப் பிரித்துப் பார்த்தான், முடியவில்லை. ஓங்கி அறைந்தான். காது அடைத்துப்போய், வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அவன் அவளை அடித்தது அதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டு டமாரம் ஓடிவந்தாள். "யோவ், கையை எடு!"

அண்ணன் திரும்பினான். "நீதானா அது?"

அவளைப் பதில் சொல்லவே விடவில்லை. தோளைப் பிடித்துத் தள்ளிய வேகத்தில் கண்ணாடிக் கதவு உடைந்து, அவள் கை உள்ளே போய்விட்டது. சில்லுகளோடு தரையில் விழுந்தவள்மீது ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தான். "சிரிச்சீங்கல்ல? எல்லாரும் நின்னு சிரிச்சீங்கல்ல?" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். டமாரத்தின் கால்கள் தரையை உதைத்தன. அந்தப் பெரிய குரலில் ஒரு கீச்சொலி மட்டும் வந்தது.

விடு என்று கத்த முயல் வாயைத் திறந்தாள். எப்போதும்போல் காற்றுதான் வந்தது. சுவரோரம் இருந்த இரும்பு நாற்காலியை மடக்கி எடுத்து அவன் தோளில் இறக்கினாள். எலும்பு முறிகிற ஓசை அவள் உள்ளங்கைவரை வந்தது. அவன் பிடி விட்டுச் சாய்ந்து, நம்பமுடியாமல் அவளைப் பார்த்தான். அவள் மறுபடி ஓங்கி முகத்தில் அடித்தாள். காவலாளி வந்து நாற்காலியைப் பிடுங்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் விசாரித்தார். கட்டுப் போட்ட கையோடு கிடந்த டமாரம் கண்ணை மூடிக்கொண்டாள். "அவளே சொல்லட்டும்."

முயல் சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "இவளை அடிச்சது எங்க அண்ணன்தான் சார். அண்ணாவை அடிச்சது நான். முதல் அடியிலயே அண்ணா அவ கழுத்தை விட்டுட்டாங்க. அடுத்ததை நான் வேணும்னேதான் அடிச்சேன்."

சாயங்காலம் அம்மா வந்தாள். வந்த வேகத்தில், நடைபாதையில் அத்தனை பேர் முன்னால், மகளை அறைந்தாள். "கூடப் பொறந்தவன்டி! மூஞ்சியே இல்லாம ஆக்கிட்டியே!" மறுபடி கையை ஓங்கியவள், மகளின் கன்னத்தில் ஏற்கெனவே பதிந்திருந்த விரல்தடங்களைப் பார்த்தாள். கை இறங்கிவிட்டது.

"இது அவனா?"

"ம்."

அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். "நான்தான் பாப்பா அனுப்பினேன். ரெண்டு நாளா போனைக் காணோம்னு நான்தான் அவனைப் போட்டு நச்சரிச்சேன்."

முயல் உள்ளே போனாள். அண்ணன் படுத்திருந்தான். பக்கத்தில் போலீஸ்காரர். வீங்கிய வாயால் தங்கையிடம், "அந்தப் பொண்ணு?" என்று கேட்டான்.

"நரம்பு அறுந்துடுச்சு. விரல் மடங்காதுன்றாங்க."

அவன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். "நீ வீட்டுக்கு வரமாட்ட?"

"வரமாட்டேண்ணா."

வழக்கு நடந்தது. டமாரம் புகாரைத் திரும்பப் பெறவில்லை. திரும்பப் பெறச் சொல்லி முயலும் கேட்கவில்லை. அப்பா போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். டமாரம் தன் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டு, ஒரே அறையில் வாரக்கணக்கில் பேசாமல் இருந்தாள். குளியலறையில் பாட்டும் நின்றுபோனது. முயல் தனியாக வகுப்புக்குப் போனாள், தனியாகச் சாப்பிட்டாள். கன்னத்து வீக்கம் வடிந்த பிறகும் பெண்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவளை இப்போது யாரும் முயல் என்று கூப்பிடவில்லை.

பரீட்சைக்கு முந்தைய வாரம், காலையில் டமாரம் சீப்போடு வந்து அவள் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"பின்னி விடு. இந்தக் கையால முடியல."

அவள் முடியை மூன்றாகப் பிரித்தாள். கழுத்தில் பழுப்பாய் இருந்த தழும்பைப் பார்த்ததும் பிடியைத் தளர்த்தினாள்.

"இறுக்கிப் பின்னு," என்றாள் டமாரம். "கிளாஸுக்கு நேரமாச்சு."